முடியை அறுக்காத துணி வளையம்

1980-களின் அடையாளமான ஸ்க்ரஞ்சி, அதாவது எலாஸ்டிக்கைத் துணிக்குள் கோர்த்துச் சுருக்கிய முடிக்கட்டு, ஒரு பைஜாமாவைப் பார்த்துப் பிறந்தது. அமெரிக்கப் பாடகி ரோமி ரெவ்சனுக்கு ஒரு குறை இருந்தது: அன்றைக்குக் கிடைத்த முடிக்கட்டுகள் முடியைப் பிய்த்து எடுத்தன. எலாஸ்டிக் கோர்த்துச் சுருக்கிய பைஜாமா இடுப்பு அவர் கண்ணில் பட, அதே அமைப்பைச் சின்ன வளையமாகத் தைத்துப் பார்த்தார். 1987-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த வளையத்தை ஊசியும் நூலும் கொண்டு நாமே தைத்துவிடலாம். அதில் துணிச் சுருக்கங்கள் அழகுக்காக மட்டும் இல்லை, பாதி வேலையைச் செய்வதே அவைதான்.

முதலில் முடியைப் பார்ப்போம். ஒரு முடியின் தடிமன் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் மேற்பரப்பில் மெல்லிய செதில்கள், கூரை ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்கு விரலால் நீவினால் வழுக்கும். எதிர்ப்பக்கமாக நீவினால் சொரசொரக்கும். வெறும் ரப்பர் பேண்ட் இந்தச் செதில்களைப் பற்றிக்கொள்கிறது. கழற்றும்போது செதில் பெயர்கிறது, சில முடிகள் அறுந்தே போகின்றன.

துணி வளையம் இதை எப்படித் தவிர்க்கிறது? முடிக்கற்றையின் மீதான அழுத்தம், இழுவிசையை மட்டும் பொறுத்ததில்லை. தொடும் அகலத்தையும் பொறுத்தது. துணிச் சுருக்கங்கள் அந்த அகலத்தைத்தான் கூட்டுகின்றன. அதே இழுவிசையில், தொடும் அகலம் 2 மில்லிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டராக மாறினால் சராசரி அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியென்றால் பிடிப்பும் குறைந்துவிடாதா? குறையாது. உராய்வு, மொத்தமாக எவ்வளவு விசை அமுக்குகிறது என்பதைப் பொறுத்ததே தவிர, அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பொறுத்ததில்லை. முடி, நூல் போன்ற மென்மையான இழைகளில், விசையைப் பரப்பினால் உராய்வு சற்றுக் கூடவும் செய்யும். பிடி அப்படியே இருக்க, வெட்டு மட்டும் போய்விடுகிறது. எனக்கு இந்த வளையத்தில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

சரி, துணிக்கு வருவோம். சாட்டினில் நூல்கள் பல இழைகளைத் தாண்டி மேலாகவே நீளமாக ஓடுகின்றன, அதனால் உராய்வு குறைவு. சுருட்டை முடிக்கும் எளிதில் சிக்காகும் முடிக்கும் அது நல்லது. மெல்லிய, வழுக்கும் முடியில் சாட்டின் நிற்காது, அதற்கு வெல்வெட்தான். அதன் குட்டிக் குட்டி இழைகள் முடிகளுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்ளும்.

45 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை போதும். முடிந்தால் கிராஸாக, அதாவது துணியின் நூல்களுக்கு மூலைவாட்டாக, வெட்டுங்கள். கைக்குட்டையை நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் வழியாகவோ குறுக்கே ஓடும் ஊடை நூலின் வழியாகவோ இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைக்கு மூலை இழுங்கள், நீளும். நூல் எதுவும் நீளவில்லை. சதுரக் கட்டங்கள் சாய்சதுரங்களாகச் சாய்கின்றன, அவ்வளவுதான். கிராஸ் துணியில் சுருக்கங்கள் விறைக்காமல் உருண்டு விழும், ஓரமும் சீக்கிரம் பிரியாது.

பட்டையை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்தைத் தைக்க வேண்டும். இங்கே ஓட்டுத்தையல் போடாதீர்கள். அதில் நூல் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. துணி நீளும்போது நூலுக்கு நீள இடமில்லாமல் பட்டென்று அறுந்துவிடும். பேக் ஸ்டிட்ச் போடுங்கள். அதில் ஊசி ஒரு தையல் நீளம் பின்னால் போய் இரண்டு தையல் நீளம் முன்னால் வருகிறது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் அடுத்ததன்மேல் ஏறிப் படுத்திருக்கும். துணி நீண்டால் கொடுக்க அந்தக் கூடுதல் நூல் இருக்கிறது. நூல் உருவிக்கொண்டு வராததற்கும் காரணம் உண்டு. எதையாவது சுற்றிச் செல்லும் நூலில், சுற்றும் கோணம் கூடக் கூட உராய்வின் பிடி மடங்கு மடங்காகப் பெருகும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டார். இரண்டு பரப்புகள் எவ்வளவு உராய்கின்றன என்பதைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு முழுச் சுற்று விசையை ஏறக்குறைய ஆறரை மடங்காக்கும். பின்னால் திரும்பும் ஒவ்வொரு தையலும் அப்படியொரு வளைவுதான். ஓட்டுத்தையலில் வளைவுகள் லேசானவை, அதனால்தான் அதை இழுத்துச் சுருக்க முடிகிறது.

அப்புறம் குழாயைப் புரட்டி, ஊக்கில் மாட்டிய 20 சென்டிமீட்டர் எலாஸ்டிக்கை உள்ளே கோர்க்க வேண்டும். எலாஸ்டிக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் மூலக்கூறுகள், தளர்ந்த நிலையில் தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும் நீளமான சங்கிலிகள். இழுத்தால் வரிசையாக நிமிர்கின்றன. விட்டால், வெப்பத்தால் எப்போதும் ஆடிக்கொண்டிருப்பதால், பழைய கலைந்த நிலைக்கே திரும்புகின்றன. அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் லேசான சூடு தெரியும். எலாஸ்டிக்கின் இரு முனைகளையும் முடிச்சுப் போடாமல், 1 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிடுங்கள். முடிச்சு இருக்கும் இடத்தில் அழுத்தம் மறுபடியும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும்.

கடைசியாகத் துணிக்குழாயின் ஒரு முனையை மறுமுனைக்குள் செருகி, மறைதையலால் மூட வேண்டும். இந்த இடத்தில் மட்டும் தையல் நெருக்கமாக இல்லாமல், எளிதில் பிரிக்கும்படி இருக்கட்டும். ஆக்ஸிஜனும் வெயிலும் தலை எண்ணெயும் ரப்பர் சங்கிலிகளைச் சிதைப்பதால், துணிக்கு முன்பே எலாஸ்டிக் தளர்ந்துவிடும். அப்போது அந்த இணைப்பைப் பிரித்து, புது எலாஸ்டிக்கைக் கோர்த்துத் தைத்துக்கொள்ளலாம்.