சங்கத்து அண்ணன் தேர்தலில் நிற்கும்போது

டெக்சஸில் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கும் சிறிய வேட்பாளர்களுக்குத் தேர்தல் கணக்கு எழுதுவது என் தொழிலில் ஒரு பகுதி. சில தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஆண்டுக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறேன். இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஆனால் நம்மோடு பல வருடம் பொங்கல் விழாவில் நாற்காலி எடுத்துப் போட்ட ஒருவர் வேட்பாளராகும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, பாசத்தில் நடப்பதுதான். பிறகு அதைப் பிரித்தெடுக்க நேரும்போது சங்கத்துக்கும் சேதம், வேட்பாளருக்கும் சேதம். விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் வருகிற இப்படிப்பட்டவர்களில் பலர் பழமைவாதிகள். குடியரசுக் கட்சிப் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், நிற்பவர்கள். டாலஸுக்கு வடக்கே உள்ள புறநகர்களில் அது இயல்பு. யாரும் எடுத்த எடுப்பில் அரசியலுக்கு வந்தவர்கள் இல்லை. பள்ளி வாரியக் கூட்டத்தில் நூலகப் புத்தகங்களைப் பற்றி மைக்கைப் பிடித்துப் பேசியதில் ஆரம்பித்திருப்பார்கள். அப்புறம் தெருவில் நாலு வீட்டுக்கு வீட்டு வரி மதிப்பீட்டை எதிர்த்து மனு போட உதவியிருப்பார்கள். கோயில் கமிட்டி, பெற்றோர் குழு, ஊர்க் கூட்டம் என்று முகம் பழகிவிடும். "நீங்களே நில்லுங்களேன் அண்ணா" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் பேசுகிற எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் ஊர் வேலைக்குத் தங்கள் சனி, ஞாயிறுகளைக் கொடுத்தவர்கள் என்ற மரியாதை எனக்கு உண்டு.

இந்தப் பாதையில் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். டாரன்ட் மாவட்டத்தில் காலிவில் என்ற ஊரைச் சேர்ந்த கான்னி பர்ட்டன் அதற்கு நல்ல உதாரணம். அவர் அதற்குமுன் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. வடகிழக்கு டாரன்ட் டீ பார்ட்டி என்ற பழமைவாத அமைப்பில் வேலை செய்த உள்ளூர் ஆர்வலர். அந்தப் பகுதியின் மாநில செனட்டர் வெண்டி டேவிஸ் 2013 ஜூனில் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவை எதிர்த்துப் பல மணி நேரம் நின்றபடியே பேசி நாடு முழுக்கப் பேசப்பட்டவர். 2014இல் அவர் கவர்னர் தேர்தலுக்குப் போனதால் 10ஆம் செனட் தொகுதி காலியானது. பர்ட்டன் பிரைமரியில் நின்று, மே மாத ரன்ஆஃபில் (இரண்டாம் சுற்றில்) முன்னாள் பிரதிநிதி மார்க் ஷெல்டனைத் தோற்கடித்து, நவம்பரில் செனட்டுக்குப் போனார். 2018இல் ஜனநாயகக் கட்சியின் பெவர்லி பவலிடம் தோற்றார். முழுநேர அரசியல்வாதியாக இல்லாத ஒருவர் அக்கம்பக்கத்து ஆட்களை நம்பியே இவ்வளவு தூரம் போக முடிகிறது. டெக்சஸ் பிரைமரி அப்படிப்பட்டது. மார்ச் மாதம் நடக்கும், வாக்களிக்க வருபவர்கள் குறைவு, பல தொகுதிகளில் நவம்பர் முடிவு மார்ச்சிலேயே தெரிந்துவிடும். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் பள்ளி வவுச்சர் திட்டத்தைப் பாருங்கள். 2023 நவம்பரில் 21 குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து அதை மசோதாவிலிருந்து நீக்கினார்கள். 2024 பிரைமரியில் அவர்களில் பலர் சொந்தக் கட்சி வாக்காளர்களிடமே தோற்றார்கள். 2025 மே மாதம் அதே திட்டம் சட்டமாகிவிட்டது.

சரி, நிற்பது என்று முடிவாகிவிட்டது. முதல் கேள்வி கொள்கை பற்றியது இல்லை, வயிற்றுப்பாடு பற்றியது. டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினரின் சம்பளம் மாதம் 600 டாலர், வருடத்துக்கு 7,200. அமர்வு நாட்களுக்குத் தனிப்படி உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் தொடங்கி 140 நாள் ஆஸ்டினில் இருக்க வேண்டும். ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு ஐந்து மாதம் யார் விடுப்பு கொடுப்பார்கள்? அதனால்தான் அங்கே வக்கீல்களும் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் நிறைந்திருக்கிறார்கள். மனுப்போடும் கட்டணம் கீழவைக்கு 750 டாலர், செனட்டுக்கு 1,250. அது பெரிய விஷயமில்லை. வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது அந்த 140 நாளைப் பற்றித்தான். என்னிடம் வருகிறவர்களிடம், "அண்ணி என்ன சொல்றாங்க?" என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

அடுத்தது பொருளாளர். டெக்சஸில் தேர்தல் பொருளாளரை நியமித்ததாக டெக்சஸ் எத்திக்ஸ் கமிஷனில் படிவம் கொடுப்பதற்கு முன் ஒரு டாலர் நன்கொடை வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. வேட்பாளரே பொருளாளராக இருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீடு வீடாகக் கதவு தட்டிவிட்டு வருகிறவர் ராத்திரி பதினோரு மணிக்கு ரசீது அடுக்க மாட்டார். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். சொந்தக் கணக்கில் வாங்கி அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. ஜனவரி 15, ஜூலை 15 என்று அரையாண்டு அறிக்கைகள் உண்டு. எதிர்ப்போட்டி இருந்தால் தேர்தலுக்கு 30 நாளும் 8 நாளும் முன்பு இன்னும் இரண்டு. எல்லாமே இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வரும். உங்கள் எதிராளியின் ஆட்கள் அதை வரி விடாமல் படிப்பார்கள்.

தனிநபர் நன்கொடைக்கு டெக்சஸ் சட்டமன்றத் தேர்தலில் உச்சவரம்பு கிடையாது. இதைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்று ரொக்கம். ஓர் அறிக்கைக் காலத்தில் ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. மொய் எழுதுவதுபோல் கவரில் வைத்துக் கையில் கொடுக்கும் பழக்கம் இங்கே உதவாது. இன்னொன்று கார்ப்பரேஷன். இன்கார்ப்பரேட் செய்த எந்த நிறுவனமும் வேட்பாளருக்குப் பணமாகவோ பொருளாகவோ கொடுக்கக் கூடாது. தெரிந்தே செய்தால் அது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள பிரிவு. நண்பரின் உணவகம் கார்ப்பரேஷனாகப் பதிவாகியிருந்தால், அறிமுகக் கூட்டத்துக்கு அவர் அன்போடு அனுப்பும் இட்லி, வடை, காபிகூட நன்கொடைதான். வழக்கமான விலையில் பில் போட்டு, தேர்தல் கணக்கிலிருந்து காசோலை கொடுத்துவிடுங்கள்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மிகவும் கவலை.

நம் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள் எல்லாம் பெரும்பாலும் 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற அறக்கொடை அமைப்புகள். 1954இல் அன்றைய செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தத்தின்படி, இப்படிப்பட்ட அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ தேர்தலில் இறங்கக் கூடாது. இறங்கினால் வரிவிலக்கையே இழக்கலாம். தமிழ்நாட்டில் கோயில் விழா மேடையில் வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்துவது நமக்குப் பழகிய காட்சி. இங்கே அதே மேடை, அதே மைக், "நம்ம அண்ணனுக்கு எல்லாரும் ஓட்டுப் போடணும்" என்ற ஒரு வரி போதும். 2025 ஜூலையில் ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) ஒரு டெக்சஸ் வழக்கில் தன் நிலைப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தியது உண்மை. வழிபாட்டோடு சேர்த்து, தன் பக்தர்களிடம், வழக்கமாகப் பேசும் வழியில் ஒரு வழிபாட்டுத்தலம் வேட்பாளரைப் பற்றிப் பேசினால் அதைத் தேர்தல் தலையீடாகக் கருதமாட்டோம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. இதைக் காட்டி, "இனிமே எல்லாம் ஓகே" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அந்தப் பேச்சு வழிபாட்டுத்தலங்களைப் பற்றியது. சங்கமோ தமிழ்ப் பள்ளியோ கோயில் கிடையாது. கோயிலே ஆனாலும், மண்டபத்தை இலவசமாகத் தருவது கார்ப்பரேஷன் நன்கொடை என்ற டெக்சஸ் சட்டத்தை அது தொடவில்லை. நம் கோயில்களும் சங்கங்களும் இன்கார்ப்பரேட் ஆனவைதானே.

மண்டபத்தைவிட எளிதாகக் கைமாறுவது உறுப்பினர் பட்டியல். வேட்பாளர் போன வருடம்வரை சங்கச் செயலாளராக இருந்திருப்பார். மின்னஞ்சல் முகவரிகள் அவர் லேப்டாப்பிலேயே இருக்கும். "நம்ம ஆட்கள்தானே" என்று அனுப்பிவிடுவார். அந்தப் பட்டியல் அவருடைய சொத்து இல்லை, சங்கத்தின் சொத்து. அதற்கு விலையும் உண்டு, சும்மா கொடுத்தால் அதுவும் கார்ப்பரேஷன் நன்கொடைதான். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். நிற்பதாக முடிவெடுத்த உடனே சங்கப் பொறுப்பிலிருந்தும் குழு அட்மின் வேலையிலிருந்தும் விலகிவிடுங்கள் என்று நான் எழுதியே கொடுப்பேன். சட்டம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. சங்க நிர்வாகிகள் தனிமனிதராகத் தங்கள் பெயரில் யாரையும் ஆதரிக்கலாம். ஆனால் ஜூம் கூட்டத்தில் பின்னால் சங்கத்து பேனர் தெரிய, "இது என் தனிப்பட்ட கருத்து" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சங்கம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லா வேட்பாளர்களையும் அழைத்து, எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே கேள்வி என்று விவாத மேடை நடத்தலாம். வாக்காளர் பதிவு முகாம் போடலாம். ஐஆர்எஸ் 2007இல் வெளியிட்ட 2007-41 என்ற விளக்கத்தில் எது சரி, எது தவறு என்று 21 சூழ்நிலைகளைச் சொல்லியிருக்கிறது. எளிய நடையில்தான் இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு செயற்குழுவும் அதை ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஆனால் பதிவு முகாமில் ஒரு எச்சரிக்கை. கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை கொடுக்கலாம், வாக்காளராகப் பதிவு செய்யக் கூடாது. குடியுரிமை விண்ணப்பத்தில் வாக்குப் பதிவைப் பற்றி நேரடியாகவே கேட்கிறார்கள். ஆர்வத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வக்கீலைத் தேடி அலையும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாது. இது மத்திய அரசின் சட்டம். ஜனாதிபதி தேர்தல் முதல் பள்ளி வாரியம் வரை எல்லாத் தேர்தலுக்கும் பொருந்தும். வேலை அனுமதி அட்டை இருந்தாலும், இருபது வருடமாக வரி கட்டியிருந்தாலும், கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாலும் இதே விதிதான். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் சட்டம் அதுதான். சம்பளம் வாங்காமல் கதவு தட்டலாம், போன் பண்ணலாம், வண்டி ஓட்டலாம். பணத்தை எப்படிச் செலவழிப்பது, யாரை வேலைக்கு எடுப்பது போன்ற முடிவுகளில் மட்டும் உட்காரக் கூடாது.

இங்கே ஒரு தப்பு வழியை நம்மவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். அப்பா எச்-1பி, மகள் இங்கேயே பிறந்த குடிமகள். மகள் பெயரில் கொடுத்துவிடலாம் என்பார்கள். இல்லையென்றால் குடியுரிமை உள்ள நண்பரிடம், "நீ கொடு, நான் உனக்கு ஜெல் (Zelle) ஆப்பில் அனுப்பிடறேன்" என்பார்கள். அடுத்தவர் பெயரில் பணம் கொடுப்பது தனிக் குற்றம். புகழ்பெற்ற பழமைவாதப் பேச்சாளர் தினேஷ் டிசோசாவே இதில் மாட்டினார். 2012இல் நியூயார்க் செனட் தேர்தலில் நின்ற தன் கல்லூரித் தோழிக்கு வேறு ஆட்கள் பெயரில் 20,000 டாலர் போகச் செய்தார். 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எட்டு மாதம் கண்காணிப்பு இல்லத்தில் தங்க வேண்டும், 30,000 டாலர் அபராதம், ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தீர்ப்பு வந்தது. 2018இல் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்புக் கொடுத்தார். அது மத்தியத் தேர்தல், அவர் குடிமகன். விசா புதுப்பிப்புக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு ஜனாதிபதி மன்னிப்பெல்லாம் வராது.

வேட்பாளர் தரப்பில் இதைத் தடுப்பது கடினமில்லை. நன்கொடைப் பக்கத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர், இது என் சொந்தப் பணம்" என்று ஒரு கட்டம் வையுங்கள். டிக் அடிக்காமல் பணம் கட்ட முடியாதபடி செய்யுங்கள். கூட்டத்தில் காசோலை வாங்கும்போது தயங்காமல் கேளுங்கள். "தம்பி, கிரீன் கார்டு வந்துடுச்சா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சந்தேகமான காசோலை கைக்கு வந்துவிட்டால் வங்கியில் போடாதீர்கள். வாங்குவதா மறுப்பதா என்பதை அந்த அறிக்கைக் காலம் முடிவதற்குள் முடிவு செய்ய வேண்டும். மறுத்ததை, அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். அனுப்பும்போது ஒரு வரிக் கடிதம் வைத்து, அதன் நகலைக் கோப்பில் போட்டுவையுங்கள்.