மடக்கும் ட்ரைமரன்: காற்றைப் பார்த்து ஓட்டுங்கள்

ட்ரைமரன் என்பது மூவுடல் பாய்ப்படகு: நடுவில் ஓர் உடல், இரண்டு பக்கமும் மிதவை. மிதவைகளை மடக்கினால் ட்ரெயிலரில் ஏற்றி யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கோ மண்டைதீவுக்கோ இழுத்துப் போகலாம். இயன் ஃபாரியர் வடிவமைத்து 1985இல் வந்த எஃப்-27 விரித்தால் ஏறத்தாழ 5.8 மீற்றர் அகலம், மடக்கினால் 2.6. படகு பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க உடலின் அடியில் இறக்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் அளவு தண்ணீரிலும் மிதக்கும். ஆழம் குறைந்த எங்கள் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான பாய்ப்படகு இல்லை என்பேன்.

ஆனால் ஒற்றையுடல் படகில் பழகிவிட்டு இதற்கு வருபவர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. அந்தப் படகு காற்றுக் கூடினால் சாயும். சாயச் சாயப் பாயிலிருந்து காற்று வழிந்துவிடும், ஓட்டுபவருக்கும் பயம் வரும். ட்ரைமரன் அந்த அளவுக்குச் சாயாது. வாங்கிய காற்றை வேகமாக்கும். வேகம் கூடினால் பாயில் படும் காற்றும் கூடும். நன்றாகத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, காற்று வராத பக்கத்து மிதவையின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கும். பிறகு கவிழாமல் தப்பக் கையில் இருப்பது சில வினாடிகள்தான்.

ஆகவே பாயைச் சுருக்கும் நேரத்தைப் படகின் சாய்வை வைத்து முடிவு செய்யாதீர்கள், காற்றின் வேகத்தை வைத்துச் செய்யுங்கள். 10 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 14 ஆனாலே பாயில் விழும் விசை இரண்டு மடங்கு. தென்மேல் காற்றடிக்கும் சோளகக் காலத்தில் பழகுபவர்கள் 15 நொட்டுக்கு முன்பே முதல் சுருக்கைப் போட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வேன். வீணாகச் சுருக்கிவிட்டோமோ என்று தோன்றினால் பரவாயில்லை, அவிழ்த்துவிடலாம்.

வன்காற்று அடித்தால் எந்தப் பக்கம் திருப்புவது? எதிர்க்காற்றில் போகும்போது காற்றை நோக்கி. பின்காற்றில் போகும்போது காற்றுக்கு விலகி. அங்கே பதறிப்போய்க் காற்றை நோக்கித் திருப்புவதுதான் பெரிய ஆபத்து. பக்கக் காற்றில் இரண்டுமே நிச்சயமில்லை, பாய்க் கயிற்றை உடனே விட வேண்டும். அதனால் அந்தக் கயிறு ஒருவர் கையிலேயே இருக்கட்டும், கட்டி வைக்காதீர்கள்.

பாரம் குறைவு என்பதால் எதிர்க்காற்றில் திசை மாற்றும்போது படகு நடுவிலேயே நின்றுவிடும். வேகத்தோடு நுழையுங்கள், முன்பாயின் கயிற்றைக் கொஞ்சம் தாமதித்து விடுங்கள். அது மூக்கைத் தள்ளிக் கொடுக்கும். நின்று பின்னோக்கி நகர்ந்தால் சுக்கானின் வேலை தலைகீழாகும்.

களப்பில் தரை தட்டும் என்று பயந்து நடுப்பலகையை முழுவதும் தூக்குகிறார்கள். அப்போது படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், எஞ்சினில் மெதுவாகப் போனாலும் சொன்னபடி திரும்பாது. தடி நட்டுக் கட்டும் சிறகுவலைகளின் தடிகளும் கடலட்டைப் பண்ணை வேலிகளும் உள்ள இடத்தில் அப்படி வழுக்கினால் ஒருவருடைய தொழிலுக்குள்தான் போய் விழுவோம். பாதிப் பலகையாவது கீழே இருக்கட்டும். காலையிலேயே கரையில் நிற்கும் தொழிலாளிகளிடம் எந்த வாய்க்கால் திறந்திருக்கிறது என்று கேளுங்கள், வரைபடத்தைவிட அவர்களுக்குத் தெரியும்.

மடக்கிய ட்ரைமரனை வேறு படகு என்றே நினைக்க வேண்டும். அகலம் பாதிக்கும் கீழே, சமநிலையும் அப்படியே. அலையில்லாத நீரில் எஞ்சினில் மட்டும் ஓட்டுங்கள், பாய் ஏற்றவே கூடாது. மடக்கும்போது உடலுக்கும் மிதவைக்கும் இடையிலுள்ள வலையில் ஆள் நிற்கக் கூடாது, மிதவையை உடலோடு இணைக்கும் கைகளின் மூட்டருகே விரல் போகக் கூடாது. விரித்த பின் பூட்டும் ஆணிகள் நான்கையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாய்க்குப் போக வேண்டும். பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கரையோர வீதிகளில் இது உண்மையான ஆபத்து.

கவிழ்ந்தால் இந்தப் படகு தானாக நிமிராது. ஆனால் மூழ்கவும் மூழ்காது. கரை கிட்டத்தில் தெரிந்தாலும் நீந்தப் போகாதீர்கள், அடிப்பக்கத்தில் ஏறி எல்லோரும் ஒன்றாக இருங்கள். உயிர்காப்பு அங்கி புறப்படும்போதே உடம்பில் இருக்க வேண்டும். தண்ணீர் புகாத உறையில் போட்ட கைத்தொலைபேசியும் ஊதியும் அதில் கட்டியிருக்கட்டும். அறைக்குள் வைத்தால் கவிழ்ந்த பின் எடுக்க முடியாது.