பிரேக் மிதித்தால் பின்விளக்கு அணைகிறதா? எர்த்தைப் பாருங்கள்

ஓசூரிலிருந்து கீரையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே பெங்களூரு கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு வரும் பிக்கப் வண்டிகளின் பின்விளக்குகளுக்கு ஓயாத சோதனைதான். காய்கறியில் தெளித்த தண்ணீர் வழியெல்லாம் அவற்றின் மேல் சொட்டும். அப்புறம் ஒருநாள் இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கும். ஜே.சி. ரோட்டில் புதுப் பல்பு வாங்கி மாட்டினாலும் துடிப்பு நிற்காது. இப்படி ஒரு விளக்கு இன்னொன்றை இழுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான்.

12 வோல்ட் வண்டியில் மின்சாரம் விளக்குக்கு வயரில் வரும். திரும்பிப் போவது பெரும்பாலும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் இரும்பு வழியாக. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். பிரேக்-டெயில் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றே, பல்பின் உலோக அடிப்பாகம். ஹோல்டரில் துரு ஏறி அந்த வழி அடைபட்டால், பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் டெயில் இழைக்குள் எதிர்த்திசையில் நுழைந்து, டெயில் வயரைப் பிடித்து, மற்ற விளக்குகளின் எர்த் வழியாகத் தப்பிக்கும். சம்பந்தமே இல்லாத நம்பர் பிளேட் விளக்கு பிரேக் மிதிக்கும்போது லேசாக எரிவது இதனால்தான்.

டெயில் லைட்டைப் போட்டுவிட்டு பிரேக் மிதித்துப் பாருங்கள். அந்த ஒரு பல்பு மட்டும் சுத்தமாக அணைந்தால் எர்த் அறுந்ததாகவே கொள்ளலாம். இரண்டு இழைகளின் நுனியிலும் 12 வோல்ட். வித்தியாசம் இல்லாத இடத்தில் மின்சாரம் ஓடாது. பின்னால் வருபவருக்கு விளக்கு தேவைப்படும் நொடியில் அது அணைவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

எர்த் முழுக்க அறுகாமல் பலவீனமானாலும் தொல்லைதான். 21 வாட் இழை எரியும்போது அதன் மின்தடை சுமார் 7 ஓம். துரு 3 ஓம் சேர்த்தாலே மூன்றரை வோல்ட்டுக்கு மேல் துருவிலேயே போய்விடும். வெளிச்சம் அதைவிட வேகமாக விழும். மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

இதைப் பிடிக்க, பல்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைப்பதில் பலனில்லை. மின்சாரம் ஓடாதபோது துருவிலும் வோல்ட்டேஜ் குறையாது, மீட்டர் 12 காட்டும். பல்பு எரியும்போதே ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஹோல்டரின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பழுது அந்த வழியில்தான்.

ஹோல்டரையும் எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பெயின்ட் போகத் தேய்த்து, பளபளக்கும் இரும்பில் இறுக்கி, அதன்பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். லோடு பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே ரப்பரோ மரக்கட்டையோ இருக்கும் வண்டியில் பாடி எர்த்தை நம்பாமல், விளக்கிலிருந்து சேசிஸுக்குத் தனி வயர் இழுத்துவிடுவதே நல்லது.