கழுத்தில் கேட்ட ‘டக்’ சத்தம்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளும் அவருடைய அப்பாவுக்கு வலை வேலைதான். கிழிந்த வலையை மணலில் விரித்துப் போட்டு, குனிந்த தலை நிமிராமல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவை கழுத்து வலப்பக்கம் திரும்பவே இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் பிடரியைக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு, முதுகின் மேல்பகுதியில் சட்டென்று ஒரு தள்ளு தள்ளினாராம். ‘டக்’கென்று சத்தம். கழுத்து திரும்பிவிட்டது. “விலகியிருந்த எலும்பு உள்ளே போய்விட்டதா? அப்படியென்றால் மூன்றாம் நாளே ஏன் மறுபடி வலிக்கிறது?”

எந்த எலும்பும் விலகவில்லை, அதனால் உள்ளே போகவும் இல்லை. கழுத்தில் உள்ள 7 எலும்புகளைத் தட்டுகளும் தசைநார்களும் சிறு மூட்டுகளும் இறுகப் பிடித்திருக்கின்றன. கழுத்தெலும்பு உண்மையிலேயே விலகினால் தண்டுவடம் நசுங்கக்கூடும். அது விபத்துப் பிரிவில் பார்க்க வேண்டியது. தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்குதான்.

சரி, அந்தச் சத்தம்? மூட்டுக்குள் திரவம் இருக்கிறது, அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் நடப்பதுபோல வாயு பிரிந்து ஒரு குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து நெட்டி முறித்துப் படம்பிடித்தார்கள். சத்தம் வரும் கணத்தில் குமிழி தோன்றுவது தெரிந்தது. குமிழி பிறப்பதால் சத்தமா, பாதி உடைவதால் சத்தமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விரலில் நெட்டி முறித்தால் எலும்பு இடம் மாறியதாக யாரும் நினைப்பதில்லை. கழுத்திலும் முதுகிலும் அப்படித்தான். சத்தமே வராத மென்மையான சிகிச்சையிலும் வலி குறைகிறது.

அப்படியானால் வலியைக் குறைத்தது எது? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் இரண்டு கட்டைவிரல்களையும் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமும் உருட்டுங்கள். விரலுக்கடியில் லேசாக ஏதோ அசையும். பக்கத்துக்கு 4 வீதம் அங்கே குட்டித் தசைகள் இருக்கின்றன. தலையைத் தூக்கி நிறுத்தும் பலம் அவற்றுக்குக் கிடையாது. அளப்பதுதான் அவற்றின் பெரிய வேலை. தசைக்குள் ஸ்பிண்டில் என்ற நுண்ணிய உணர்விகள் உண்டு. தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்பதை அவை நரம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். புட்டத்தின் பெரிய தசையில் கிராமுக்கு ஒன்றுகூடத் தேறாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மனிதக் கருக்களின் பிடரித் தசைகளில் இவற்றை எண்ணி 2001-இல் வெளியிட்டார்கள். அந்தக் குட்டித் தசைகளில் ஒன்றில் கிராமுக்கு 242!

எதற்கு இத்தனை? கண்ணும் உள்காதும் தலைக்குள் இருக்கின்றன. தலை அசைந்தது என்பதை அவை சொல்லிவிடும். ஆனால் கழுத்து மட்டும் திரும்பியதா, உடம்போடு சேர்ந்து திரும்பியதா என்பதைக் கழுத்துதான் சொல்ல வேண்டும். பாக் நீரிணையில் ஆடுகிற வல்லத்தில் நின்றுகொண்டு ஒருவர் வலை இழுக்கிறார் என்றால், ஒவ்வொரு கணமும் அந்தக் குட்டித் தசைகளின் கணக்கு மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கழுத்து வலி நீடித்தால் இந்தக் கணக்கு பிசகும். கண்ணை மூடித் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி நேராக வைக்கச் சொன்னால், வலி உள்ளவர்கள் பலர் சில டிகிரி தள்ளி நிறுத்துகிறார்கள். தங்களுக்கு நேராக இருப்பதாகவே தோன்றும்.

இந்த இடத்தில்தான் சிகிச்சையாளரின் கை வருகிறது. மெதுவான அழுத்தமானாலும், விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட நீடிக்காத தள்ளு ஆனாலும், தோல், தசை, மூட்டு மூன்றிலும் உள்ள உணர்விகள் ஒரே நேரத்தில் தகவல் அனுப்புகின்றன. வேகமான தள்ளின்போது ஸ்பிண்டில்கள் சரமாரியாகத் துடிப்பதை விலங்குகளில் அளந்திருக்கிறார்கள். இந்தத் தகவல் தடித்த நரம்பிழைகளில் விநாடிக்குப் பல பத்து மீட்டர் ஓடுகிறது. மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். தண்டுவடத்தில் இரண்டும் சந்திக்கும்போது தடித்த இழைகளின் செய்தி வலியின் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் சொன்னார்கள். அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துக்கொள்வதும் இதனால்தான்.

அதோடு நிற்கவில்லை. நடுமூளையில் ஒரு சிறு நீர்க்குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறப் பகுதி ஒன்று இருக்கிறது. அது தூண்டப்பட்டால் ‘வலியைக் குறை’ என்ற உத்தரவு மேலிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிறது. முழங்கை வலி உள்ளவர்களுக்குக் கழுத்தில் சிகிச்சை செய்தபோது முழங்கையின் வலி தாங்கும் அளவு உயர்ந்ததை 1990-களில் ஆஸ்திரேலியாவில் அளந்தார்கள். தொட்டது கழுத்தை, குறைந்தது முழங்கை வலி. எலும்பை நகர்த்தி இதைச் சாதிக்க முடியுமா?

எந்த எலும்பைத் தள்ளுவது என்று சிகிச்சையாளர் தேர்ந்தெடுத்த குழுவுக்கும், குலுக்கல் முறையில் தேர்ந்த குழுவுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது என்று 2003-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வாசகியின் அப்பாவுக்கு முதுகில் தள்ளிக் கழுத்து இளகியதும் இந்த வகைதான். நரம்பு மண்டலம் இறுக்கத்தைத் தளர்த்தியது. காரணமான குனிவு அப்படியே தொடர்ந்ததால் இறுக்கம் திரும்பி வந்தது.

சிகிச்சை வீண் என்று சொல்லவில்லை. நெதர்லாந்தில் 183 பேரிடம் நடந்த 2002 ஆய்வில், 7 வாரத்தில் குணமானதாகச் சொன்னவர்கள் கைச்சிகிச்சையில் 68 சதவீதம், பொது மருத்துவரின் கவனிப்பில் 36 சதவீதம். 2012-இல் 272 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் கைச்சிகிச்சை மாத்திரையை வென்றது. ஆனால் அதே ஆய்வில் வீட்டுப் பயிற்சியும் கைச்சிகிச்சைக்கு இணையாக நின்றது. கை தரும் வலியில்லாத சில மணி நேரத்தில், சில நாட்களில் கழுத்தைப் பழக்கிவிட வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் காலை முதலில் நீட்டிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். எண்ணெய் தொட்டு மெதுவாகத் தடவுவதில் பலன் இருக்கிறது, மேலே சொன்ன அத்தனையும் அங்கேயும் நடக்கும். பிறந்த விதத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருகுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அரிதாகக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. 2017-இல் டில்லியில் இப்படித் திருகிய பிறகு ஒருவருக்கு உதரவிதான நரம்பு பழுதாகி மூச்சுவிட முடியாமல் போனதாகச் செய்தி வந்தது.

எனக்கு ஓர் ஆதங்கம். நான் சொன்ன ஆய்வுகளில் வலை சரிசெய்பவரோ, கண்ணாடி மாட்டிக்கொண்டு மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களோ இல்லை. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இந்த ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் கருவி வேண்டாம். ஒரு கோணமானி, ஒரு கேள்வித்தாள், ஆறு மாதம் விடாமல் போய்ப் பார்க்க ஆட்கள் போதும். அதற்கு நிதி ஒதுக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வாசகியின் அப்பாவுக்கு: வலையை மணலில் விரிக்காமல், இரண்டு கம்புகளுக்கிடையே நெஞ்சு உயரத்தில் கட்டிச் சரிசெய்யலாம். அரை மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும். அப்புறம் மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல், ஆமாம் என்று தலையாட்டுவதுபோல மோவாயை லேசாக உள்ளிழுத்து 10 விநாடி, இப்படி 10 தடவை. பிசியோதெரபிஸ்டிடமே ஒருமுறை செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையில் பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, இதுவரை அனுபவித்திராத தலைவலி திடீரென வந்தாலோ, படகில் விழுந்து அடிபட்ட பின் வந்த வலியானாலோ, யாரையும் கழுத்தைத் தொட விடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.