சர்வர் ஓடுதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லங்க

சர்வர் சப்போர்ட் வேலையில இருக்குறவங்களுக்கு வர்ற போன் பெரும்பாலும் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு சார்"னு தான் ஆரம்பிக்கும். போய் ஐட்ராக் (டெல்) இல்லேன்னா ஐலோ (எச்பிஇ)ன்னு சர்வருக்குள்ளயே இருக்குற கண்காணிப்பு வசதியில லாக்கை, அதாவது எரர் பதிவை, திறந்து பாத்தா ஒரே ரேம் ஸ்லாட் பேர் மாசக்கணக்கா திரும்பத் திரும்ப வந்திருக்கும், முன்னாடி பேனல்ல ஆம்பர் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும், சர்வர் ரூமை பூட்டி வெச்சிருக்கறதால யார் கண்ணுலயும் படல. இதுல ஆபீஸ்காரங்க தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன், சர்வரோட அமைப்பே அப்படி, ஈசிசியும் (ரேம்ல வர்ற தப்பை திருத்துற வசதி) ரெய்டும் (பல டிஸ்க்கை ஒண்ணா சேத்து, ஒண்ணு போனாலும் டேட்டா நிக்கற அமைப்பு) ஃபால்ட்டை உள்ளுக்குள்ளயே சமாளிச்சு வெளிய தெரியாம பாத்துக்கும், அது முடியாமப் போற அன்னைக்குத்தான் எல்லாம் நிக்கும்.

ரேமை எடுத்துக்குவோம். டிடிஆர்4 தலைமுறை வரைக்கும் ஈசிசி ரேம் 64 பிட் டேட்டாவோட 8 பிட் சேத்து எழுதும். அதுல ஒரு பிட் மாறிப்போனா தானே சரி பண்ணிடும், ரெண்டு பிட் மாறினா தப்புன்னு கண்டுபிடிக்கும் ஆனா சரி பண்ண முடியாது, பெரும்பாலும் அங்கேயே மெஷின் கிராஷ் ஆகும். லாக்ல கரெக்டபிள், அன்கரெக்டபிள்னு வர்றது இதுதான். கூகுள் தன்னோட டேட்டா சென்டர்கள்ல பாத்து 2009ல வெளியிட்ட ஆய்வுல, வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல ரேம்கள்ல கரெக்டபிள் எரர் வந்திருக்கு. அதனால ஒண்ணு ரெண்டு வந்தா பதறவேண்டாம், ஆனா அதே ஸ்லாட்ல எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சுன்னா டவுன்டைம் வாங்கி பாத்துடுங்க.

அப்பவும் உடனே புது ரேம் ஆர்டர் போட்டுடாதீங்க. சர்வரை ஆஃப் பண்ணி, ரெண்டு பவர் கேபிளையும் உருவிட்டு, கையில ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் மின்சாரத்தை இறக்குற பட்டை) கட்டிக்கிட்டு, எரர் வர்ற ஸ்லாட் ஏ1னா அதுல இருக்குற ரேமை பி1க்கும் பி1ல இருக்குறதை ஏ1க்கும் மாத்துங்க, ரெண்டும் ஒரே சைஸ் ஒரே வகையா இருக்கணும். பழைய லாக்கை சேவ் பண்ணிட்டு கிளியர் பண்ணி ஓட விடுங்க. எரர் ரேம் கூடவே பி1க்கு போச்சுன்னா ரேம்தான் போச்சு. ஏ1லயே நின்னா ஸ்லாட், இல்லேன்னா சிபியூ சாக்கெட்ல பின் வளைஞ்சிருக்கும், இல்லேன்னா சிபியூக்குள்ள இருக்குற மெமரி கன்ட்ரோலர். சமீபத்துல யாராவது தெர்மல் பேஸ்ட் மாத்த பிராசஸரை கழட்டினாங்களான்னு கேளுங்க, பாதி விடை அங்கயே கிடைச்சிடும். சில நேரம் கழட்டி மாட்டினதுலயே எரர் நின்னுடும், காண்டாக்ட் சரியா உக்காராம இருந்திருக்கும். டெஸ்க்டாப்ல பழகின கையோட அழிரப்பர் வெச்சு தேய்க்கிறாங்க, தயவுசெஞ்சு சர்வர் ரேம்ல அதை பண்ணாதீங்க, தங்க முலாம் தேஞ்சு போகும். மெம்டெஸ்ட் (ரேமை சோதிக்கிற புரோகிராம்) பாஸ் ஆயிடுச்சுன்னும் நிம்மதியா இருக்க முடியாது, ஒரு பிட் தப்பை ஈசிசி அங்கயும் திருத்திடும், லாக்கைத்தான் பாக்கணும்.

ஹார்ட் டிஸ்க்ல ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையை தானே எண்ணி வைக்கிற பதிவு) நம்பர் 5, 197, 198 இந்த மூணுல ஏதாவது ஏறுதான்னு பாருங்க, அது டிஸ்க்கோட பரப்பு கெட்டுப்போறது. 199 மட்டும் ஏறினா டிஸ்க் மேல பழி போடாதீங்க, அது பெரும்பாலும் கேபிள், இல்லேன்னா டிஸ்க்குகளை சொருகுற பேக்பிளேன் போர்டு. கூகுளோட 2007 ஆய்வுல, முதல் ஸ்கேன் எரர் (டிஸ்க் தன் பரப்பை தானே சோதிக்கிறப்போ வர்ற எரர்) வந்த டிஸ்க், அது வராத டிஸ்க்கை விட அடுத்த 60 நாளுக்குள்ள ஃபெயில் ஆக 39 மடங்கு வாய்ப்பு அதிகம்னு வந்துச்சு. அதே ஆய்வுல, ஃபெயில் ஆன டிஸ்க்குகள்ல பாதிக்கு மேல முக்கியமான ஸ்மார்ட் நம்பர் எதுலயும் எந்த அறிகுறியும் இல்ல. ஸ்மார்ட் சுத்தமா இருக்குன்னு பேக்கப்பை விட்டுடாதீங்க.

திருப்பூர் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஆபீஸ்ல நாலு டிஸ்க் ரெய்ட் 5, ஒரு டிஸ்க் போனா தாங்கும், ரெண்டு போனா தாங்காது. டிஸ்க் 2 ஃபெயில்னு மெசேஜ், அங்க இருந்த தம்பி இடதுபக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி உருவிட்டார். ரெய்ட் கன்ட்ரோலர் எண்ணுறது 0ல இருந்து. உருவினது நல்ல டிஸ்க், அரே, அதாவது அந்த நாலு டிஸ்க் கூட்டு, மொத்தமா ஆஃப்லைன். நல்லவேளை அதுக்கப்புறம் எதையும் அமுக்காம போன் பண்ணிட்டார். அதே டிஸ்க்கை அதே இடத்துல திரும்ப போட்டதும் கன்ட்ரோலர் ஃபாரின் கான்ஃபிக்னு (வேற இடத்துல இருந்து வந்த ரெய்ட் விவரம்னு) காட்டுச்சு. அங்க கிளியர் அமுக்கினா அந்த டிஸ்க்ல இருக்குற ரெய்ட் விவரம் போயிடும், இனிஷியலைஸ் பக்கமே போகக்கூடாது. இம்போர்ட் குடுத்தோம், அரே டிகிரேடடா (ஒரு டிஸ்க் குறைவா) மேல வந்துச்சு, மொதல்ல பேக்கப் எடுத்துட்டு அப்புறம்தான் புது டிஸ்க்கையே தொட்டோம். கையால எண்ணாதீங்க, கன்ட்ரோலர்ல லொகேட் குடுத்து எந்த லைட் சிமிட்டுதுன்னு பாத்து, சீரியல் நம்பரையும் சரி பாத்து உருவுங்க.

ரீபில்ட், அதாவது போன டிஸ்க்கோட டேட்டாவை புது டிஸ்க்ல திரும்ப எழுதுறது, நடக்குறப்போ மிச்ச டிஸ்க் எல்லாத்தையும் முழுசா படிச்சாகணும், எல்லாம் ஒரே நாள்ல வாங்கின ஒரே பேட்ச்சா இருந்தா பயம் அதிகம். 2019 நவம்பர்ல எச்பிஇ ஒரு அறிவிப்பு விட்டாங்க, சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடினதும் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ள இருக்குற சாஃப்ட்வேர்) கோளாறுல செத்துடும், டேட்டாவும் திரும்ப வராதுன்னு. ஒரே நாள்ல போட்ட எல்லா டிரைவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல போகும், ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குற ரெய்ட் 6 இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, ஃபர்ம்வேர் என்ன வெர்ஷன், இதை ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) விசிட்ல எழுதி வாங்குங்க. மாத்தின ரேம், டிஸ்க்கோட சீரியல் நம்பரும் தேதியும் அதே ஷீட்ல இருக்கட்டும், ரெண்டு வாரம் தினமும் லாக்கை பாருங்க, அதே ஸ்லாட் பேர் திரும்ப வந்தா பார்ட் மாத்தி பிரயோஜனம் இல்ல, போர்டையும் சிபியூவையும்தான் பாக்கணும்.