பெட்டியில் ஆயிரம் மீட்டர், சந்துக்குள் எத்தனை?

போன மாதம் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருத்தர் கடைக்கு வந்தார். கையில் கார் அலாரத்தோடு வருகிற, திரை வைத்த பேஜர் ரிமோட். "அண்ணே, ஆயிரம் மீட்டர்னு பெட்டியில போட்டிருக்கான். எங்க வீட்டு ஹால்லயே பேச மாட்டேங்குது." ஆன்லைனில் வாங்கி வேறு எங்கேயோ மாட்டியிருக்கிறார். வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டேன். "சந்துல பைக்தான் நுழையும். காரு மெயின் ரோட்ல. அறுபது மீட்டர் இருந்தா அதிகம்."

கார் எலக்ட்ரிக்கல் வேலையில் வாரம் ஒரு முறையாவது காதில் விழும் கதை இது. பெட்டியில் போடுகிற தூரம் வெட்டவெளிக் கணக்கு. பெரும்பாலான அலாரங்கள் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் அதன் சக்திக்கு வரம்பு உண்டு. மெரினா மணலில் நின்று அழுத்தினால் போகிற தூரம், கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் நாலைத் தாண்டி, இரும்பு ஷட்டரைத் தாண்டிப் போகாது. இங்கே மீட்டரை விட்டுவிட்டு சுவரை எண்ணுங்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. சாதா ரிமோட் பூட்டவும் திறக்கவும் மட்டும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது கண்ணாடியைத் தட்டினால், சைரன் உங்கள் காதில் விழுந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஃபேன் ஓடுகிற மூடிய அறையில் அது விழாது. தெருவில் நிறுத்துகிறவர்களுக்குத் தேவை வண்டியிலிருந்து கைக்குச் செய்தி வருகிற இருவழி அலாரம், அதாவது இந்த பேஜர் வகை. அதிலும் நீங்கள் சோதிக்க வேண்டியது வண்டியிலிருந்து வருகிற சிக்னலை. கீழே போய்ப் பூட்டிப் பார்த்துவிட்டு 'வேலை செய்யுது' என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எங்கே படுக்கிறீர்களோ அங்கே பேஜரை வைத்துவிட்டு, இன்னொருவரை அனுப்பி வண்டியைத் தட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் இதற்கு ஒத்துக்கொண்டால் மட்டும் வாங்குங்கள்.

அன்று கடை சாத்தியதும் அவரோடு போனேன். மொட்டை மாடியில் பேஜர் ஜோராகக் கத்தியது. இரண்டாவது மாடி ஹாலில் ஊமை. டேஷ்போர்டைப் பிரித்தால், ஆன்டெனாவை இரும்புச் சட்டத்துக்குப் பின்னால், மற்ற ஒயர்களோடு சேர்த்துச் சுருட்டி டேப் அடித்து வைத்திருந்தார்கள். மீன் கட்டுகிற மாதிரி. பிரித்தெடுத்து முன் கண்ணாடியின் மேல் ஓரம், பின்னால் பார்க்கிற கண்ணாடி பக்கத்தில் ஒட்டினேன். இருபது நிமிஷ வேலை. ஹாலில் பேஜர் பேசியது. பின்கட்டு படுக்கையறையில் மட்டும் இன்னமும் இல்லை.

அங்கேயும் வேண்டுமென்றால் சிம் போடுகிற வகைதான் வழி. அதற்கு தூரக் கணக்கே கிடையாது, போனுக்கு வந்துவிடும். ஆனால் ரீசார்ஜ் மறந்தால் பொம்மை. 2ஜி மட்டும் உள்ள பழைய கருவியில் ஜியோ சிம் ஓடாது, ஜியோவில் 2ஜி கிடையாது. பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது 30 மில்லி ஆம்பியர் இழுக்கிற அலாரம் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி குடிக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் காலி. ஊருக்குப் போய்த் திரும்பினால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதுவும் முடியாது.

நம்ம வடசென்னைப் பக்கத்துக்கே உரிய தொல்லை ரெண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி கடந்தாலே அதிர்வு சென்சார் அலறும். அதில் சின்னத் திருகு இருக்கும். கைமுட்டியால் தட்டினால் அலற வேண்டும், லாரிக்கு அலறக் கூடாது, அந்த இடம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தினமும் பொய்யாக அலறினால் மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், நாலாம் நாள் சண்டைக்கு வருவார்கள். காசிமேடு பக்கம் கடல் காற்றில், பானட்டைத் திறந்தால் அலாரத்துக்குச் சொல்கிற சுவிட்ச் துருப்பிடித்து, காரணமே இல்லாமல் அலாரம் அடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை துடைத்து கிரீஸ் வையுங்கள்.

புது வண்டி என்றால் ஒயரை வெட்டி ஒட்டுகிறவரிடம் விடாதீர்கள், வாரண்டி போய்விடும். ஒயரை வெட்டாமல், வண்டியில் இருக்கிற கப்ளரில் (ஒயர் இணைப்பில்) சொருகுகிற மாதிரி கேளுங்கள். வண்டிகளையும் உதிரிகளையும் சோதிக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் சான்று பெற்ற கருவி என்றால் இன்ஷூரன்ஸில் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு, அதிகபட்சம் 500 ரூபாய். அதற்காக வாங்க வேண்டாம், கிடைத்தால் விடவும் வேண்டாம்.

வண்ணாரப்பேட்டைக்காரர் சிம் வகைக்கு இப்போது காசில்லை என்றார். ஹால் ஜன்னல் பக்கத்தில், தினசரி காலண்டர் தொங்குகிற ஆணியிலேயே பேஜரை மாட்டிவிட்டோம். அம்மா ஹாலில்தான் படுப்பார்களாம். "லேசுல எழுந்துடுவாங்கண்ணே" என்றார். அந்தம்மாவை விட்டே ஒரு தடவை சோதித்துப் பார்த்தோம். நான் கீழே வண்டியைத் தட்டினேன். ரெண்டு நிமிஷத்தில் ஜன்னலிலிருந்து குரல்: "யாருடா அது?"