காட்டுக் கஞ்சாவா, காடேறிய கஞ்சாவா?

போன வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சாலையோரங்களில் 'காட்டுக் கஞ்சா' மண்டிக் கிடக்கிறதாம். நாலு பத்தி தள்ளி அதே செடி 'சாக்கடைக் களை' ஆகிவிட்டது. ஆங்கில மூலத்தில் இருந்தவை ஃபெரல் ஹெம்ப் (feral hemp), டிச்வீட் (ditchweed). ஹெம்ப் என்பது நாருக்காக வளர்க்கும் கஞ்சா வகை. இரண்டுமே கெட்டுப்போயின.

காட்டு விலங்கைக் குறிக்கும் லத்தீன் 'ஃபெரா'விலிருந்து வந்தது ஃபெரல். வேர் அவ்வளவுதான். உயிரியலில் இன்று அதன் பொருள் வேறு: மனிதர் வளர்த்து, பிறகு கைநழுவித் தானே பிழைக்கப் பழகியது. அந்த 'பிறகு'தான் சொல்லின் உயிர். 'காட்டு' என்ற அடையில் அது இல்லவே இல்லை. காட்டெருமை எந்தத் தொழுவத்திலிருந்தும் ஓடிப்போனதல்ல, பிறந்ததே காட்டில். நெப்ராஸ்காச் செடியின் முன்னோரோ உழுது விதைத்த பயிர். 1942இல் பிலிப்பைன்ஸ் ஜப்பான் கையில் விழ, அங்கிருந்து வந்த, கயிறு திரிக்கும் மணிலா நாரின் வரத்து நின்றது. கயிறுக்கும் கித்தானுக்கும் அமெரிக்க அரசே உழவர்களை ஹெம்ப் போடச் சொன்னது. போர் முடிந்ததும் தேவை போயிற்று, ஆலைகள் மூடின. சிந்திய விதை வரப்பிலும் சாலையோரப் பள்ளத்திலும் முளைத்துக்கொண்டது. டிச்வீட்டின் 'டிச்' இந்தப் பள்ளம்தான், மழைநீர் ஓடும் பள்ளம். அதைச் சாக்கடை ஆக்கியது அகராதியின் முதல் பொருளோடு திருப்தியடைகிற சோம்பல்.

ஃபெரலுக்கு என் கட்சி 'காடேறிய'. மலையேறிய, கரையேறிய போல இறந்தகாலப் பெயரெச்சம். முன்பு வேறெங்கோ இருந்தது என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. 'தப்பிய' என்று ஒரு நண்பர் சொன்னார். மோசமில்லை, ஆனால் தப்பியதோடு கதை முடியவில்லையே. பயிரில் முற்றிய விதை அறுவடைவரை கதிரிலேயே நிற்கும். காடேறியதில் பழுத்த கையோடு உதிர்ந்துவிடும். விதையும் சிறுத்து, ஒரே நேரத்தில் முளைக்காமல் மண்ணில் காத்திருக்கும். செடியே மாறிவிட்டது. காடேறி பேயின் பெயராயிற்றே என்பார்கள். இருக்கட்டும், பிடுங்கப் பிடுங்க வருகிற செடிதானே.

அப்புறம் ஹெம்ப். 'சணல்' என்றால் நமக்குச் சாக்கு நினைவுக்கு வரும்; அது வேறு செடி. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும் வேறு. வெறும் 'கஞ்சா' என்றாலோ வாசகர் போதைக்குப் போய்விடுவார். இனம் அதுதான், ஆனால் நாருக்காக வளர்த்த இந்த வகையில் போதைப்பொருள் மிகக் குறைவு. ஆகவே நார்க்கஞ்சா. கஞ்சா வடசொல்லாயிற்றே என்று தூய தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தெளிவில்லாத தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தெருவிலிருந்து போய்க் காட்டில் குட்டி போட்ட நாயையும் 'காட்டு நாய்' என்றே எழுதுகிறார்கள். அப்படியானால் செந்நாயை என்னவென்று எழுதுவார்களாம்?